பாலையைக் கடந்த பட்டறை வண்டிகள்

தமிழகத்துப் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றின் பட்டறைகளில் ஆண்டுதோறும் ஒரு வண்டி உருவாகிறது. மாணவர்கள் எஃகுக் குழாய்களை வளைத்தும் வெட்டியும் பற்றவைத்தும் ஒரு கூண்டு செய்கிறார்கள். கூண்டுக்குள் ஒற்றை இருக்கை. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே சிறியதோர் எஞ்சின். நான்கு மூலைகளிலும் முண்டும் முடிச்சுமான பருத்த டயர்கள். கதவில்லை, கண்ணாடியில்லை. இவ்வண்டியை அவர்கள் 'பாஜா' என்று அழைக்கிறார்கள். அது போட்டியின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அச்சொல் எங்கிருந்து வந்தது, அதன் பின்னே எத்தகைய மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதைக் கேட்பார்தாம் அரிது.

அது ஒரு ஸ்பானியச் சொல். அம்மொழியில் 'பாஹா' என்று ஒலிக்கும். 'கீழ்' என்பது பொருள். மெக்சிகோ நாட்டின் வடமேற்கே, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குக் கீழே, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம்தான் பாஹா கலிபோர்னியா, அதாவது கீழைக் கலிபோர்னியா. ஒரு பாலைநிலத்தின் பெயர், பாலையே இல்லாத ஊர்களின் பட்டறைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாலை என்றவுடன் நம் மனக்கண்ணில் இன்று எழுவது மணல்வெளி, ஒட்டகம், பேரீச்சை. இது நமக்குப் பள்ளிப் பாடநூல்களும் திரைப்படங்களும் தந்த பாலை. நம் இலக்கியப் பாலை அதுவன்று. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். கல்லும் முள்ளும் பரந்த வழி, நீர் வற்றிய சுனை, இலை உதிர்ந்த மரம், வழிப்பறி அச்சம் ஆகியவையே சங்கப் புலவர் கண்ட பாலை. கீழைக் கலிபோர்னியாவும் இவ்வகைப்பட்டதே. அங்கே மணல்மேடுகள் உண்டு. அவற்றைக் காட்டிலும் மிகுதியாகக் கூர்ங்கற்களும் கள்ளிக் காடுகளும் வறண்ட ஏரிப்படுகைகளும் உண்டு. தீபகற்பத்தின் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குத் தார்ச்சாலை முழுமையாக அமைந்தது 1973ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வடக்கே டிஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை செல்ல விரும்பியவர், வழி என்று ஒன்று இருப்பதாக நம்பிக்கொண்டு செல்ல வேண்டியதுதான்.

இவ்வழியைக் காலக்கணக்கு வைத்து முதலில் கடந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 1962ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனத்தின் 250 சி.சி. வண்டிகளில் டேவ் எகின்ஸ் என்பவரும் பில் ராபர்ட்சன் என்னும் இளைஞரும் புறப்பட்டனர். நடுவர் எவரும் இல்லாத ஓட்டத்தில் நேரத்தை எவ்வாறு மெய்ப்பிப்பது? டிஹுவானாவின் தந்தி அலுவலகத்தில் ஒரு தந்தி கொடுத்துவிட்டுக் கிளம்பி, லா பாஸ் சேர்ந்ததும் அங்கே இன்னொரு தந்தி கொடுத்தார்கள். அத்தந்திகளில் பதிவான நேரமே சான்று! நாற்பது மணிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார் எகின்ஸ். இரண்டு சக்கரத்தால் முடிந்தது நான்கு சக்கரத்தால் முடியுமா என்ற கேள்வி இதிலிருந்து பிறந்தது.

விடை எந்தக் கார் ஆலையிலிருந்தும் வரவில்லை. படகு கட்டும் ஒருவரிடமிருந்து வந்தது.

புரூஸ் மேயர்ஸ் தெற்குக் கலிபோர்னியாவின் கடற்கரையில் வளர்ந்தவர், அலைச்சறுக்கில் ஈடுபாடு கொண்டவர், ஓவியம் பயின்றவர், கண்ணாடியிழையால் படகு செய்யும் தொழில் கற்றவர். மோட்டார்ப் பொறியியல் படித்தவரல்லர். அக்காலத்தில் பிஸ்மோ என்னும் கடற்கரையின் மணல்மேடுகளில் பொழுதுபோக்காக வண்டியோட்டுவோர், பெரிய அமெரிக்கக் கார்களின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டுச் சட்டத்தையும் எட்டு சிலிண்டர் எஞ்சினையும் மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தனர். ஆற்றல் மிகுந்த வண்டிகள் அவை. ஆயினும் முன்புறம் கனத்த எஞ்சின், அதைக் குளிர்விக்க நீர், நீரைத் தாங்க ரேடியேட்டர் என்று பாரம் ஏறிக்கொண்டே போனது. மணலில் பாரமே பகை.

மேயர்ஸ் நாடியது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் செய்த 'பீட்டில்' என்னும் வண்டுக் கார். மக்கள் வாங்கக்கூடிய மலிவு விலைக் கார் என்பதே அதன் அடையாளம். வேகத்துக்குப் பெயர்போனது அன்று. ஆனால் பாலைக்கு வேண்டிய மூன்று குணங்கள் அதனிடம் இருந்தன. முதலாவது, எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுவதால், எஞ்சினின் எடை அவற்றின்மேல் அமர்ந்து மணலில் பிடிப்பைத் தந்தது. இரண்டாவது, அவ்வெஞ்சின் காற்றால் குளிர்வது; நீரும் வேண்டாம், ரேடியேட்டரும் வேண்டாம். மூன்றாவது, அதன் சக்கரங்களைத் தாங்கியவை முறுக்குத் தண்டுகள். முரட்டு வழியில் அடி வாங்கியும் தாக்குப்பிடிப்பவை. பழுதானால் மாற்றுவதும் எளிது.

1964ஆம் ஆண்டு மேயர்ஸ் தம் கொட்டகையில் கண்ணாடியிழையால் ஒரு தொட்டி போன்ற உடலை வார்த்தெடுத்து, அதில் பீட்டிலின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் சக்கர அமைப்பையும் பொருத்தினார். பீட்டிலைவிடக் குட்டையாக இருந்த அவ்வண்டிக்கு, ஐல் ஆஃப் மேன் தீவின் வாலற்ற பூனையின் பெயரால் 'மேங்க்ஸ்' என்று பெயரிட்டார். சிவப்பு வண்ணம் பூசிய அம்முதல் வண்டி பின்னாளில் 'ஓல்டு ரெட்' என்று புகழ்பெற்றது. இம்முறையில் ஒவ்வொரு வண்டியும் செய்யச் செலவு மிகுந்ததால், அடுத்த வடிவத்தை மாற்றியமைத்தார். பழைய பீட்டிலின் அடித்தட்டை நடுவே சுமார் 14 அங்குலம் வெட்டியெடுத்து, மீண்டும் ஒட்டவைத்து, அதன்மேல் கண்ணாடியிழை உடலைப் பூட்டுவது. வெட்டவும் பற்றவைக்கவும் தெரிந்த எவரும் தம் வீட்டு முற்றத்தில் செய்துகொள்ளக்கூடிய வண்டி!

1967ஆம் ஆண்டு ஏப்ரலில் மேயர்ஸும் அவர் நண்பர் டெட் மேங்கல்ஸும் ஓல்டு ரெட் வண்டியில் லா பாஸுக்கும் டிஹுவானாவுக்கும் இடைப்பட்ட தொலைவை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தனர். மோட்டார் சைக்கிளின் சாதனை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியது. அவ்வாண்டே அக்டோபர் இறுதியில் எட் பேர்ல்மன் என்பவர் முன்னின்று, அதே வழியில் 'மெக்சிகன் 1000' என்ற பெயரில் முறையான பந்தயம் ஒன்றை நடத்தினார். அதில் முதலாவதாக வந்ததும் ஒரு மேங்க்ஸ் வண்டியே. விக் வில்சனும் மேங்கல்ஸும் ஓட்டிய அவ்வண்டி எடுத்துக்கொண்ட நேரம் 27 மணி 38 நிமிடம். இப்பந்தயத்தின் வழித்தோன்றல்தான் இன்று உலகறிந்த 'பாஹா 1000'.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எளிதாகச் செய்யக்கூடியது எளிதாகப் படியெடுக்கவும் கூடியது அன்றோ? மேங்க்ஸைப் பார்த்துச் செய்த போலிகள் பல்லாயிரக்கணக்கில் சந்தைக்கு வந்தன. காப்புரிமை கோரி மேயர்ஸ் தொடுத்த வழக்கு தோற்றது. 1970களின் தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. மேயர்ஸ் 2021இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முன்பே, 2014இல், அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புமிக்க வாகனங்களின் தேசியப் பதிவேட்டில் ஓல்டு ரெட் இடம்பெற்றிருந்தது. பதிவேடு பெருமை தந்தது. பணம் வேறு வழியே போயிற்று. கைவினைஞர் வரலாறுகள் பலவும் இவ்வாறுதானே முடிகின்றன?

சோழவரமும் கோயம்புத்தூரும்

இதே காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது? நம்மிடம் பாலை இல்லை. போர்க்காலம் விட்டுச்சென்ற ஒரு விமான ஓடுதளம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட அத்தளத்தில், 1953இல் தொடங்கப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனப் பந்தயத் தடத்தை அக்கழகம் திறக்கும்வரை, தென்னிந்தியப் பந்தயப் பிரியர்களின் தலம் சோழவரமே.

அக்கால இந்தியாவில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடும். அயல்நாட்டுக் காரை இறக்குமதி செய்வது அரசின் கட்டுப்பாடுகளாலும் வரியாலும் பெரும்பாலோர்க்கு எட்டாதது. எனவே வேகத்தை விரும்பியவர்கள், கிடைத்த குடும்பக் காரையே பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்திப் பந்தய வண்டியாக்கினார்கள். தட்டுப்பாடு என்பது ஒருவகைப் பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

அப்பள்ளியின் தலைமாணாக்கர் என்று சுந்தரம் கரிவரதனைச் சொல்லலாம். கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர். செல்வர்தாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த சிறந்த செயல், தமக்கென ஒரு விலையுயர்ந்த காரை வாங்கி ஓட்டியதன்று. 1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. அதன் 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின் சில ஆண்டுகளில் நாடெங்கும் கிடைக்கும் பொருளாயிற்று, உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. அவ்வெஞ்சினைப் பொருத்தி, திறந்த சக்கரங்களுடன் கூடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே வடிவமைத்தார் கரிவரதன். 1988இல் அவ்வண்டிகளைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' பந்தயங்கள் தொடங்கின. ஒரே வகை எஞ்சின், ஒரே வகை வண்டி என்னும்போது வெற்றி பணப்பையிலிருந்து ஓட்டுநரின் கைக்கு இடம்பெயர்கிறது. அவ்வண்டிகளில் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

கரிவரதன் 1995 ஆகஸ்டில் சிறுவிமான விபத்தொன்றில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேயர்ஸும் கரிவரதனும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததாகக் கொள்ள எக்காரணமும் இல்லை. ஒருவர் பாலைக்குச் செய்தார். மற்றவர் சமதளத் தடத்துக்குச் செய்தார். எனினும் இருவர் செயலிலும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. நாட்டில் மிக மலிவாகவும் மிகப் பரவலாகவும் கிடைக்கும் எஞ்சினை எடுத்துக்கொள்வது. தேவையற்றதை எல்லாம் கழிப்பது. அடுத்தவரும் செய்துகொள்ளும்படி அல்லது ஓட்டும்படி விடுவது. அமெரிக்காவுக்கு வண்டுக் கார் வாய்த்ததுபோல் நமக்கு மாருதி வாய்த்தது.

பாலைப் பந்தயமும் இந்தியாவுக்கு வராமல் இல்லை. இமயமலையின் குளிர்ப்பாலையில் 'ரெய்டு டி ஹிமாலயா' 1999இலும், தார்ப் பாலையில் 'டெசர்ட் ஸ்டார்ம்' 2003இலும் தொடங்கின. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியைத் தத்தம் பட்டறைகளில் திருத்தி எடுத்துவந்தவர்கள் அவற்றில் பலர். தொழிற்சாலையின் வழியே பார்த்தால், 2015இல் டக்கார் பந்தயத்தில் ஃபிரான்ஸின் ஷெர்கோவுடன் கைகோத்துக் களமிறங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலை இருப்பது ஒசூரில். 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஒசூரும் நம் தருமபுரி மாவட்டத்தின் பகுதியே என்பதைக் கடத்தூரில் இருந்து எழுதும் நாம் சற்றே பெருமிதத்துடன் நினைவுகூரலாம். அவ்வணியின் ஹரித் நோவா 2024 டக்காரில் 'ரேலி 2' பிரிவில் முதலிடம் பெற்றார்.

மாணவர் கைக்கு வந்த பாலை

இனித் தொடக்கத்தில் கண்ட மாணவர்களிடம் திரும்புவோம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில், மோட்டார்ப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. சார்பில் மாணவர் போட்டி ஒன்று நடந்தது. முரட்டு நிலத்தில் ஓடும் சிறு வண்டியை மாணவர்களே வடிவமைத்துச் செய்து ஓட்ட வேண்டும். மெக்சிகோவின் பந்தயத்தை நினைத்து அதற்கு 'மினி பாஹா' என்று பெயர் வைத்தனர். அப்போட்டியின் இந்திய வடிவம் எஸ்.ஏ.இ. இந்தியாவால் 2007இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் அருகே பீதம்பூரில் தொடங்கப்பெற்றது. ஸ்பானிய 'பாஹா', ஆங்கில எழுத்தின் வழியாக நம் மாணவர் நாவில் 'பாஜா' ஆயிற்று.

இப்போட்டியின் விதிநூல் ஒரு வியப்பான ஆவணம். எஞ்சினில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் ஒரே வகை எஞ்சின். சுமார் 10 குதிரைத்திறன். அதன் உள்ளே கைவைக்கக் கூடாது. ஓட்டுநரைக் காக்கும் கூண்டின் முதன்மைக் குழாய்களுக்கு அடிப்படை அளவு, 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன். எஃகில் கரிமம் 0.18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ தப்புவதற்காக, ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியேறிக் காட்ட வேண்டும். வடிவமைப்பையும் செலவுக் கணக்கையும் நடுவர் முன்னே நியாயப்படுத்த வேண்டும். இறுதியில் நான்கு மணி நேரம் இடைவிடாத தாங்குதிறன் ஓட்டம். கல்லும் பள்ளமும் சேறும் நிறைந்த தடத்தில் பல வண்டிகளின் அச்சு முறிவதும் இணைப்பு பிரிவதும் அப்போதுதான்.

அவ்விதிகளுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கூண்டைப் பற்றவைத்தவர் எவரோ அவரே, அதே குழாயில், அதே முறையில், இரண்டு மாதிரி இணைப்புகளைச் செய்து காட்ட வேண்டும். ஒன்றை முறியும்வரை வளைத்துப் பார்ப்பார்கள். முறிவது குழாயாக இருக்க வேண்டுமே தவிர இணைப்பாக இருக்கக் கூடாது. மற்றொன்றை நீளவாக்கில் அறுத்து, உருகிய உலோகம் உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளின் மேற்பரப்பைத்தான் திருத்துகிறோம். இங்கே அறுத்துப் பார்க்கிறார்கள்!

இவ்விதி யாரைத் தேர்வு செய்கிறது? வடிவத்தைக் கணிப்பொறியில் வரைந்தவரை அன்று. கையில் வெல்டிங் கைப்பிடியைப் பிடித்தவரை. அவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

பெரும்பாலான நேரங்களில் அவர் கல்லூரிக்கு வெளியே இருக்கிறார். கடத்தூர் போன்ற சிற்றூர்களின் சாலையோரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையேனும் இராமல் போகாது. டிராக்டரின் உடைந்த கலப்பையை ஒட்டுவதும், ஆழ்துளைக் கிணற்றில் இறங்கிய மோட்டாரைத் தூக்க முக்காலி செய்வதும், பழைய வண்டிகளின் அச்சையும் டயரையும் கொண்டு மாட்டுக்கு டயர் வண்டி கட்டுவதும் அப்பட்டறைக்காரர்தாம். எங்கே பாரம் விழும், எந்த மூலை முதலில் விரியும், எந்தக் குழாய்க்கு எவ்வளவு சூடு தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். அவருக்கு அதை எழுதத் தெரியாமல் இருக்கலாம். நம் மாணவருக்கோ எழுதத் தெரியும், சமன்பாடும் தெரியும், சூடு தெரியாது. இவ்விருவரும் ஒரே கூண்டின் முன் சேர்ந்து அமர்வதற்கான வாய்ப்பை இப்போட்டி தருகிறது. அதன் மெய்யான பயன் கோப்பையன்று, இச்சேர்க்கையே என்று கருதுகிறோம்.

ஆனால் அவ்வாய்ப்பு கைநழுவும் வழியும் இருக்கிறது. இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தை விலைக்குச் செய்து கொடுக்கும் 'ப்ராஜெக்ட் சென்டர்'கள் நம் நகரங்களில் பெருகியிருப்பதைக் கல்லூரி ஆசிரியர் எவரும் அறிவர். பொருளும் அங்கேயே, அறிக்கையும் அங்கேயே. அதே பழக்கம் வண்டிப் பட்டறைக்குள்ளும் நுழையுமானால், மாணவர் பணத்தையும் வரைபடத்தையும் கொடுத்துவிட்டு, முடிந்த கூண்டை லாரியில் ஏற்றி வரலாம். வண்டி ஓடவும் கூடும். ஆனால் தடத்தின் நடுவே இணைப்பு விரியும்போது, அதை ஏன் என்று சொல்ல அணியில் ஒருவரும் இருக்க மாட்டார். மேயர்ஸ் தம் பீட்டிலை வேறொருவரிடம் கொடுத்து வெட்டச் சொல்லியிருந்தால், எவ்வளவு வெட்டுவது என்பதே அவருக்குத் தெரிந்திராது.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் பட்டறைகளில் ஒரு தனிமொழி வழங்குகிறது. லேத்து, டிங்கரிங், பட்டி, பிசிறு, நெளிவெடுத்தல் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து, பொருள் மட்டும் பிசகாமல் நிற்கும் மொழி அது. கலைச்சொல் அகராதிகள் அதைப் பெரும்பாலும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சோழவரத்தில் ஓடிய உள்ளூர் வண்டிகளை அந்நாளில் திருத்திக் கொடுத்த மெக்கானிக்குகளின் பெயர்களை எத்தனை தமிழ் நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன? ஓட்டியவர் பெயர் நிற்கிறது; செய்தவர் பெயர் கிரீஸ் துணியோடு போய்விடுகிறது. உழவு குறித்தும் நெசவு குறித்தும் கள ஆய்வு செய்யும் நம் தமிழ்த்துறைகள், ஒரு பட்டறைக்காரரின் முன்னும் குறிப்பேட்டுடன் அமரலாம். பொறியியல் மாணவர் ஒருவரையும் தமிழ் மாணவர் ஒருவரையும் ஒரு மாதம் அங்கே சேர்ந்து அனுப்பினால், ஒருவர் இணைப்பைக் கற்று வருவார். மற்றவர் அதற்குரிய சொல்லைக் கொண்டு வருவார்.

அடுத்த ஆண்டுக்கான கூண்டுகளைச் செய்யப் புதிய அணிகள் இனி அமையும். புதிதாகச் சேரும் மாணவரிடம் பேராசிரியர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வண்டியின் வேகம் எவ்வளவு என்பதாக இருக்க வேண்டாம். இந்த இணைப்பு யார் வைத்தது என்று கேட்கட்டும்.